இருபத்தெட்டு நாள்

பால்டிமோர், கிழக்குப் பக்கம். கம்பம் எண் 614.
அதன் நீல விளக்கு விடியும்வரை சிமிட்டும்.
எதிர்வீட்டு மாடி ஜன்னலில் அட்டை ஒட்டியிருக்கிறார்கள்,
குழந்தை தூங்கட்டும் என்று.
அட்டையில் ஒரு சலவை இயந்திரத்தின் படம், தலைகீழாக.
அதுவரை எனக்குத் தெரியும்.
அதற்கு உள்ளே தெரியக்கூடாது என்பது விதி.

இருபத்திரண்டு வருடம் சீருடை போட்டேன்.
முழங்கால் போனபின் இங்கே உட்கார்த்தினார்கள்:
முப்பது திரை, ஒரு நெம்புகோல், ஆறிய காப்பி.
பக்கத்து நாற்காலியில் ஹோல்ப்ரூக்
சூரியகாந்தி விதை கொறித்து
உமியைக் காகிதக் கோப்பைக்குள் துப்புவார்.
இரவு இரண்டு மணிக்கு ஊர் எப்படி இருக்கும் என்று
மனைவி ஒருமுறை கேட்டாள்.
ஈரமாக, என்றேன்.

யாரும் தொடாவிட்டால் 614 தானாகச் சுற்றும்.
திசைக்கு எட்டு விநாடி.

மே பத்தொன்பது, மாலை ஆறு நாற்பது.
கிழக்கு: லமான்ட் பிட்மன் பளிங்குப் படியில் உட்கார்ந்து
ஆரஞ்சு சோடாவைத் திறக்கிறான்.
தெற்கு: சலவைக்கடை. ஒருத்தி போர்வை மடிக்கிறாள்.
மேற்கு: பேருந்து. உள்ளே எல்லாத் தலையும்
ஒரே பக்கம் திரும்புகின்றன.
வடக்கு: புறாக்கள், மொத்தமாக.
கிழக்கு: படியில் புட்டி மட்டும்.
நுரை இன்னும் பொங்கிக்கொண்டிருக்கிறது.

அவன் ஓடி விழுந்த சந்தில் எங்களுக்குக் கம்பம் கிடையாது.
நான் அந்த நேரம் 588இல் இருந்தேன்,
ஒரு சிவப்பு வண்டியின் எண்பலகையை நெருக்கிக்கொண்டு.
வண்டி ஒரு செவிலியினுடையது. வேலை முடிந்து
வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

வெர்னெல் பிட்மன் தபால் அலுவலகச் சட்டையோடு வந்தாள்.
வழக்குக்கென்று எடுத்துவைத்த நாற்பது விநாடியை
அவள் கேட்கவில்லை.
அதற்கு முந்தினதைக் கேட்டாள்.
மூன்று வருடம் உங்கள் கம்பத்துக்கு அடியில்தானே வளர்ந்தான்,
பள்ளிக்குப் போனது, வந்தது,
சும்மா உட்கார்ந்திருந்தது, ஏதாவது.
படிவம் கொடுத்தார்கள். பூர்த்தி செய்தாள்.
முப்பத்து மூன்றாம் நாள் பதில் போனது:
பதிவுகள் இருபத்தெட்டு நாளுக்கு மேல் வைக்கப்படுவதில்லை.

பார்ப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள்.
பார்த்துக்கொள்வதற்கு யாருக்கும் தந்ததாகத் தெரியவில்லை.

இப்போது அவள் வருகிறாள்.
ஆறு நாற்பதுக்கு, அந்தப் படிக்கு முன்னால்,
கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.
முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு நாட்காட்டியில் எண்ணினேன்:
இருபத்தேழு. மறுபடி இருபத்தேழு.
ஒன்று அழிவதற்கு முந்தின நாள் அடுத்தது.
எங்கள் கிடங்கில் அவள் இல்லாத நாளே இல்லை.

அவள் வரும்போது நான் சுற்றலை நிறுத்திவிடுவேன்.
கிழக்கிலேயே வைத்திருப்பேன், ஆறு நிமிடம், ஏழு நிமிடம்.
ஏன் நிறுத்தினாய் என்று கணினி கேட்கும்.
பட்டியலில் திருட்டு உண்டு, அடிதடி உண்டு,
சந்தேக நடமாட்டம் உண்டு.
'மற்றவை' என்பதைத் தொடுவேன்.
ஹோல்ப்ரூக் பார்க்காததுபோல் விதை கொறிப்பார்.

சென்றமுறை அவள் நிமிர்ந்து
நேராக லென்ஸுக்குள் ஏதோ சொன்னாள்.
சின்ன வாக்கியம். எங்கள் கேமராவுக்குக் காது இல்லை.
ஓட்டி ஓட்டிப் பார்க்கிறேன்; உதடு ஒருமுறை 'பார்த்தாயா' என்கிறது,
ஒருமுறை 'போய் வா' என்கிறது.

ஒன்று என்னிடம் இருக்கிறது, எந்தக் கிடங்கிலும் இல்லாதது.
போன பிப்ரவரியில், பனிக்குள்,
அவன் எங்களை நோக்கி நடுவிரலைக் காட்டினான்.
நாலு அடி போனான். நின்றான்.
திரும்பி வந்து, தொப்பியைக் கழற்றி,
கம்பத்துக்கு ஒரு கும்பிடுபோல் குனிந்துவிட்டுப் போனான்.
நான் தனியாகச் சிரித்தேன்.

இன்றோடு இருபத்தாறு.
நாளை எனக்கு விடுப்பு.
614க்குக் கீழே வண்டி நிறுத்த இடம் கிடைக்காது,
பேருந்தில்தான் போகவேண்டும்.